குருப் பெயர்ச்சியும் ஒரு பிரெஞ்சுக்காரரும்

குருப் பெயர்ச்சி வந்துவிட்டால் பாலவனத்தம் ஆகட்டும், அருப்புக்கோட்டை ஆகட்டும், எல்லோரும் பார்ப்பது ராசி பலன். அதே பஞ்சாங்கத்தை வைத்து சூரியக் குடும்பத்தையே அளக்கத் தொடங்கலாம் என்றால் நம்புவீர்களா?

குரு 12 ராசியையும் சுற்றிவர ஏறக்குறைய 12 வருடம் (துல்லியமாக 11.86). சனி ஒரு ராசிக்கு இரண்டரை வருடம் வீதம் ஏறக்குறைய 30 வருடம் (துல்லியமாக 29.46). டெலஸ்கோப் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் கணிதர்களுக்கு இது தெரியும்.

ஆனால் காலத்திலிருந்து பாதையின் அளவை எப்படி எடுப்பது? இங்கேதான் சூரிய சித்தாந்தம் சறுக்கியது. எல்லாக் கிரகமும் ஒரு நாளில் ஒரே தூரம்தான் நகர்கிறது என்று அது வைத்துக்கொண்டது. அந்தக் கணக்கில் குருவின் பாதை சூரியனுடையதைப் போல 12 மடங்கு, சனியின் பாதை 30 மடங்கு. 1619-ல் கெப்ளர் சொன்ன விதி வேறு: வருடத்தை வர்க்கமாக்கு, பிறகு கனமூலம் எடு. குருவுக்கு 5.2, சனிக்கு 9.5. இதுதான் சரி. தள்ளி இருக்கும் கிரகம் மெதுவாகத்தான் ஓடுகிறது.

சரி, எதைப் போல 5.2 மடங்கு? பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல. அது எத்தனை மைல் என்பதுதான் தெரியவில்லை! அது தெரியாமல் எந்தக் கிரகம் எவ்வளவு பெரியது என்றும் சொல்ல முடியாது. வெள்ளி சூரியனைக் கடக்கும்போது, தூர தூர இடங்களில் இருந்து நேரம் குறித்தால் கண்டுபிடித்துவிடலாம் என்று 1716-ல் ஹாலி வழி சொன்னார்.

அதற்காகப் புதுச்சேரிக்குப் புறப்பட்டவர்தான் கியோம் லெ ஜென்டில். 1761-ல் அவர் வந்து சேருமுன் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பியது. ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடும் கப்பலில் இருந்து பார்த்தார். அந்த ஆட்டத்தில் எடுத்த அளவு உதவவில்லை. அடுத்த கடப்பு 1769-ல். எட்டு வருடம் காத்திருந்தார்! ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபின் 1768-ல் புதுச்சேரி வந்து கூடம் கட்டித் தயாராக இருந்தார். 1769 ஜூன் 4 காலையில்... மேகம்! கடப்பு முடிந்தபின்தான் சூரியன் வெளியே வந்தது. 1771-ல் நாடு திரும்பினால், இறந்துவிட்டார் என்று சொத்தைப் பிரிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

வெறும் கையோடு போகவில்லை அவர். புதுச்சேரித் தமிழர் ஒருவரிடம், 1765 ஆகஸ்ட் 30-ல் நடந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொன்னார். கிரகணம் நீடித்த நேரத்தில் அவர் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவில் புகழ்பெற்ற மேயரின் அட்டவணையோ 68 விநாடி கூடியது!

நம் முன்னோர்க்கு எல்லாம் தெரியும் என்று ஒரு கட்சி, ஒன்றும் தெரியாது என்று ஒரு கட்சி. இரண்டும் தப்பு என்பது என் எண்ணம். கிரகணத்தைக் கணிக்கத் தலைமுறை தலைமுறையாக வந்த வாய்ப்பாடு போதும். சூரியனின் தூரத்தை அளக்க ஓர் ஊர் போதாது. பல நாட்டார் பார்த்து, கணக்கை ஒன்றுசேர்க்க வேண்டும். லெ ஜென்டில் தோற்றாலும் மற்றவர்களின் அளவுகள் இருந்தன. அவற்றிலிருந்து 1771-ல் லலாந்து சொன்ன தூரம் சுமார் 15.3 கோடி கி.மீ. இன்றைய அளவு 14.96 கோடி.

1874-ல் மீண்டும் கடப்பு வந்தபோது, சென்னை வானாய்வகத்தின் ரகுநாதாச்சாரி அதை விளக்கி ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் உருதுவிலும் எழுதினார். இம்முறை விஷயம் நம்மவர் கையிலிருந்தே மக்களுக்குப் போனது.

அந்த ஓர் எண் கிடைத்ததால்தான் இப்போது இப்படி விளையாட முடிகிறது: சூரியனை ஒரு பெரிய மாட்டுவண்டிச் சக்கரமாக (1.4 மீட்டர்) பாலவனத்தத்தில் நிறுத்துங்கள். பூமி 150 மீட்டர் தள்ளி ஒரு சுண்டைக்காய். குரு 780 மீட்டரில் ஒரு பெரிய தேங்காய். கடைசிக் கிரகமான நெப்டியூன் ஓர் எலுமிச்சம்பழம். அதை வைக்க அருப்புக்கோட்டை ரோட்டில் நாலரை கிலோமீட்டர் நடக்கவேண்டும். நடுவில் எல்லாம் வெறும் வெளி, நம் கரிசல் காடு மாதிரி!

அடுத்த பரீட்சையில் "15 கோடி கி.மீ." என்று எழுதும்போது, மேகத்தைப் பார்த்து நின்ற அந்த மனுஷரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.