மலாயாச் சம்பளமும் இரு வீட்டுக் கணக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகுவோர் மலாயாப் பணத்தைக் குறிப்பிடாது விடுவதில்லை. கல்வீடுகள் எழுந்தமை, கோயில்கள் புதுக்கப்பட்டமை, பாடசாலைகள் பெருகியமை ஆகிய யாவும் அப்பணத்தின் பயனென்று கூறி அடுத்த பொருளுக்குச் சென்றுவிடுகின்றனர். அப்பணம் எவ்வாறு மிச்சமாயிற்று என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. கோலாலம்பூரில் உத்தியோகம் பார்த்த இலிகிதர் ஒருவருக்கு அவருடைய மாதச் சம்பளம் சீவியத்துக்குப் போதுமாயிருந்ததா? போதும் என்றோ போதாது என்றோ அக்காலத்தவர் எதனைக் கொண்டு தீர்மானித்தனர்? இவ்வினாவுக்கு விடை காண முயலும்போது, யாழ்ப்பாணத்துக் குடும்ப வாழ்வின் ஒரு பகுதி புதிய வெளிச்சத்தில் தோன்றுகின்றது.

மலாயாவுக்கு வழி திறந்தவர்கள் ஆங்கிலேயரே. 1874இல் பேராக்கின் முதலாவது றெசிடெண்டாக நியமிக்கப்பட்ட பேர்ச் என்பவர் அதற்கு முன் இலங்கையில் நெடுங்காலம் சேவை செய்தவர். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குச் சென்ற முதலாவது புகையிரதப் பாதை 1885இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் கோலாலம்பூர் கிள்ளான் பக்கத்தோடு இணைக்கப்பட்டது. 1896இல் நான்கு நாடுகள் ஒன்றுகூட்டப்பட்டுக் கோலாலம்பூர் தலைநகராயிற்று. 1901இல் அந்நாடுகளின் புகையிரதப் பகுதிக்குத் தலைவரான ஸ்பூனர் என்பவரும் இலங்கையிலிருந்து சென்றவரே. பாதை போடவும், நிலம் அளக்கவும், கந்தோரில் கணக்கெழுதவும், நிலையத்தில் தந்தியடிக்கவும் ஆங்கிலம் அறிந்தவர் வேண்டியிருந்தனர். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியின் காலந்தொட்டு ஆங்கிலக் கல்வி வேரூன்றிய குடாநாட்டில் அத்தகையோர் இருந்தனர். அவர்களுக்குப் போதிய உத்தியோகம் இங்கு இருக்கவில்லை. 1890 முதல் சைவர்களுக்கென இந்துக் கல்லூரியும் அமைந்தபின் அத்தொகை மேலும் வளர்ந்தது. நாகபட்டினத்திற் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினோர் பலர்.

சம்பளத்தைப் பற்றிய முதல் தீர்மானம் கோலாலம்பூரில் அன்று, ஊரிலேயே செய்யப்பட்டது. முன் சென்ற மாமனோ தமையனோ கடிதம் எழுதுவார். இத்தனை டாலர் சம்பளம், இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை உயர்வு, ஐம்பத்தைந்து வயதில் பென்சன் என்று அதில் இருக்கும். ஊரில் இருப்போர் டாலரை ரூபாவாகப் பெருக்கி, அதனை இங்குள்ள இலிகிதர் ஒருவருடைய சம்பளத்தோடு ஒப்பிடுவர். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்ட சமுதாயத்துக்கு அந்த ஒப்பீடே போதுமாயிருந்தது. கப்பற் கூலிக்காகக் காணி ஈடுவைக்கப்படும். பையன் புறப்படுவான். பெருக்கற் கணக்கு பிழையன்று. ஆனால் அது ஒரு பாதிக் கணக்கு. டாலரில் வரும் சம்பளத்தைக் கொண்டு டாலரிலேயே அரிசி வாங்க வேண்டும் என்பது கடிதத்தில் எழுதப்படுவதில்லை.

மேனாட்டில் குடும்பச் செலவை அளந்து பார்க்கும் முறை இக்காலத்திலேயே வளர்ந்து வந்தது. வருமானம் குறையக் குறைய உணவுக்குச் செல்லும் பங்கு கூடுகின்றது என்பதை ஜேர்மனியரான எங்கெல் 1857இல் காட்டினார். இங்கிலாந்தில் யோர்க் நகரத்துத் தொழிலாளரின் உணவு, வாடகை, உடை முதலியவற்றுக்கு வேண்டிய குறைந்தபட்சச் செலவைக் கணக்கிட்டு றவுண்ட்றீ 1901இல் தமது நூலை வெளியிட்டார். இவ்வறிஞர்கள் அளந்தவை ஒரே கூரையின்கீழ் ஒரே நாணயத்தில் வாழ்ந்த குடும்பங்கள். மலாயாவுக்குச் சென்ற யாழ்ப்பாணத்தவனுடைய குடும்பத்துக்கு அடுப்பு இரண்டு, நாணயமும் இரண்டு. அதனை அளக்க எங்கெலின் அளவுகோல் மட்டும் போதாது.

கோலாலம்பூர் அடுப்பை முதலில் நோக்குவாம். அங்கு வாடகையே சம்பளத்தின் தலைவிதியை நிருணயித்தது. அரசாங்கக் குவாட்டர்ஸ் கிடைத்தவனுக்கும், வெளியில் அறை தேடியவனுக்கும் ஒரே சம்பளமாயினும் நிலை ஒன்றன்று. பிறிக்பீல்ட்ஸ், செந்தூல் ஆகிய பகுதிகளில் புகையிரதப் பகுதியாரும் ஏனைய அரசாங்கச் சேவையாளரும் நெருங்கிக் குடியிருந்தமைக்கு இதுவே பெருங்காரணம். பிறிக்பீல்ட்ஸில் நூறு குவாட்டர்ஸ் என்று பெயர் பெற்ற வரிசை வீடுகள் நெடுங்காலம் நின்று, இந்நூற்றாண்டில் இடிக்கப்பட்டன. திருமணமாகாதோர் நாலைந்து பேர் கூடி வீடொன்றை எடுத்து, சமையற்காரர் ஒருவரை வைத்து, மாத முடிவில் செலவைப் பங்கிட்டுக்கொள்வர். இதனைச் சம்மரி என்பர். கூட்டுச் சமையல் இல்லையேல் முதற் சம்பளத்தில் மிச்சம் என்ற பேச்சுக்கே இடமிராது. ஊரிலிருந்து வரும் மிளகாய்த்தூளும் ஒடியலும் பனாட்டும் சுவைக்காக மட்டும் அனுப்பப்பட்டன என்று கொள்ளலாகாது. கடைக் கணக்கை அவையும் சிறிது குறைத்தன. செலவின் மற்றப் பக்கத்திற் கந்தோருக்கேற்ற உடுப்பு, சங்கச் சந்தா, கோயில் வரி, புதிதாக வந்திறங்கி வேலை தேடும் ஊர்ப் பையனுக்குச் சில மாதச் சாப்பாடு ஆகியன இருந்தன. இறுதியாகச் சொன்னது எந்தச் சம்பளத் திட்டத்திலும் இடம்பெறாத செலவு. ஆனால் தானும் ஒருகாலத்தில் அவ்வாறு வந்திறங்கியவன் அதனை மறுக்க முடியாது.

இனி ஊர் அடுப்பு. காசுக் கட்டளை மாதந்தோறும் வந்துசேரும். அதன் பெறுமதி அனுப்பியவனுடைய சிக்கனத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. நாணயமாற்று வீதத்திலும் தங்கியிருந்தது. இப்பகுதி சிறிது விரித்து நோக்கத்தக்கது.

1893 வரையில் மலாயாவின் டாலரும் இலங்கையின் ரூபாவும் வெள்ளியை ஆதாரமாகக் கொண்டவை. டாலரில் இருந்த வெள்ளி ரூபாவில் இருந்ததைக் காட்டிலும் இரண்டேகால் மடங்கு. ஆகவே டாலர் ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டேகால் ரூபா. அவ்வாண்டில் இந்திய நாணயசாலைகள் பொதுமக்களிடம் வெள்ளியை ஏற்று ரூபா அடிப்பதை நிறுத்தின. சில ஆண்டுகளில் ரூபா 1 ஷிலிங் 4 பென்ஸ் என்னும் நிலைக்கு வந்து நின்றது. டாலரோ வெள்ளியோடு சேர்ந்து வீழ்ந்துகொண்டேயிருந்தது. 1902 முடிவில் அது ஒன்றேகால் ரூபாவுக்கும் குறைந்துவிட்டது. 1906இல் டாலர் 2 ஷிலிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டது; அதன்படி டாலர் ஒன்றுக்கு 1 ரூபா 75 சதம்.

ஒருவன் மாதம் 20 டாலர் தவறாது அனுப்பினான் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அஞ்சற் செலவையும் தரகையும் நீக்கிப் பார்த்தால், 1890 அளவில் அது ஊரில் 45 ரூபா. 1902 முடிவில் 25 ரூபாவுக்கும் குறைவு. 1906க்குப் பின் 35 ரூபா. அனுப்பியவன் ஒரு சதமும் குறைக்கவில்லை. ஆயினும் ஊரிலுள்ள தாய், மகன் முன்போல் அனுப்புவதில்லை என்று மனம் நொந்திருக்கக்கூடும். மகனுக்கோ, தான் வயிற்றைக் கட்டி மிச்சம்பிடித்தது எங்கே போயிற்று என்று விளங்கியிராது. இருவர் மீதும் குற்றமில்லை. இலண்டன் வெள்ளிச் சந்தையின் ஏற்றவிறக்கம் அவர்களிடையே நின்றது.

வெள்ளியின் வீழ்ச்சியால் ஊருக்கு அனுப்பும் பணம் குறைகின்றது என்னும் முறைப்பாட்டை ஆட்சியாளர் அறியாதவரல்லர். இந்தியாவிற் சேவை செய்த ஐரோப்பிய உத்தியோகத்தருக்கு இதே காரணம் பற்றி 1893 முதல் நாணயமாற்று நட்டஈடு வழங்கப்பட்டது. பிறநாட்டில் உழைப்பவனுக்குச் சொந்த நாட்டிலும் ஒரு வீடு உண்டு, அதன் செலவும் சம்பளக் கணக்கிற் சேரும் என்னும் நியாயம் அங்கு ஒப்புக்கொள்ளப்பட்டது. பருத்தித்துறையிலோ மானிப்பாயிலோ வீடு வைத்திருந்தவனுக்கும் அந்நியாயம் பொருந்தும் அன்றோ.

கடுஞ்சோதனை 1919இல் வந்தது. முதலாம் உலகப் போர் முடிந்தும் விலைகள் இறங்கவில்லை. 1918இல் இந்தியாவில் மழை பொய்த்தது. அரிசி ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. அடுத்த ஆண்டிற் சீயமும் ஏற்றுமதியைத் தடைசெய்தது. தன் அரிசியிற் பெரும்பகுதியை வெளியிலிருந்து பெற்ற மலாயாவில் அரசாங்கமே அரிசி விநியோகத்தைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. கோலாலம்பூர் அடுப்பில் உலை ஏற்றுவதே பாடாயிற்று. அதே வேளையில் வெள்ளியின் விலை உலகெங்கும் ஏறியதால் ரூபாவின் மதிப்பும் படிப்படியாக உயர்த்தப்பட்டது. 1917 ஓகஸ்டில் 1 ஷிலிங் 5 பென்ஸாக இருந்தது, 1919 டிசம்பரில் 2 ஷிலிங் 4 பென்ஸாயிற்று. டாலரும் 2 ஷிலிங் 4 பென்ஸ். எனவே அக்கணக்கின்படி டாலர் ஒன்றுக்கு ஒரே ஒரு ரூபா. முன்பு 35 ரூபாவாக வந்த 20 டாலர் இப்போது 20 ரூபாவாக வந்தது.

ரூபா உயர்ந்தால் வெளிநாட்டுப் பொருள் மலியுமே என்று பொருளியல் கற்ற மாணவர் வினவலாம். சீமைத் துணிக்கு அது பொருந்தும். இலங்கை உண்ட அரிசியோ இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்தது. அங்கும் வழங்கியது ரூபாவே. ஆகையால் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கு நாணய உயர்வால் அரிசி மலியவில்லை, வரவு மாத்திரம் சுருங்கியது. இரு வீடுகளிலும் அரிசி ஏறியது. இரண்டையும் இணைத்த பாலமும் குறுகியது. மலாயாவில் அவ்வாண்டிற் பக்னில் என்னும் பிரதம நீதியரசரின் தலைமையில் அரசாங்கச் சேவையாளரின் சம்பளத்தை ஆராய ஓர் ஆணைக்குழு அமைந்தமை, நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பதைக் காட்டும்.

ரூபாவின் அவ்வுயர்வு நிலைக்கவில்லை. 1921க்குள் அது மீண்டும் வீழ்ந்து, 1927இல் 1 ஷிலிங் 6 பென்ஸ் என்று சட்டத்தால் நிறுவப்பட்டது. அதன்பின் டாலருக்கு ஏறக்குறைய 1 ரூபா 55 சதம். போருக்கு முந்திய ஒன்றேமுக்கால் ரூபா திரும்பவில்லை.

சம்பளம் போதவில்லை என்பதற்குக் கடனே சாட்சி. நாட்டுக்கோட்டைச் செட்டிமாரிடமும் ஏனைய வட்டிக்காரரிடமும் அரசாங்க ஊழியர் பட்ட கடன் பெருகியமையே கூட்டுறவு இயக்கம் மலாயாவில் தோன்றியதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று. கூட்டுறவுப் பகுதி 1922இல் அமைக்கப்பட்டது. அவ்வாண்டு யூலை மாதத்திற் பதியப்பட்ட முதலாவது சங்கம் உழவருடையதன்று. தைப்பிங்கில் அஞ்சல் தந்திப் பகுதி ஊழியருடைய சிக்கன கடனுதவிச் சங்கமே அது. மாதச் சம்பளம் தவறாது பெற்றவர்களுக்கே கடன் நிவாரணம் முதலில் வேண்டியிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது. 1924இல் யாழ்ப்பாணத்தவர் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கத்தைக் கோலாலம்பூரில் நிறுவினர்.

இக்கடனை ஊதாரித்தனத்தின் விளைவென்று கொள்வது நேர்மையாகாது. சகோதரிமாரின் சீதனம் தேடுதல் தமையனின் கடமையாயிருந்த சமுதாயம் இது. மலாயா உத்தியோகத்தனுக்குத் திருமணச் சந்தையில் மதிப்பு உயர்ந்ததால், அவனுடைய தங்கைக்குக் கொடுக்க வேண்டிய சீதனமும் உயர்ந்தது. தன் திருமணத்தின்போது அவன் பெற்ற சீதனக் காணி மனைவியின் பெயரில் இருந்தது. தங்கையின் சீதனத்துக்கு அது உதவாது. தேசவழமையின்படி திருமணத்தின்பின் விலைகொடுத்துத் தேடியது தேடியதேட்டமாகும். 1911ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் அதற்கு வரைவிலக்கணம் கூறியது. சம்பள மிச்சத்தில் ஊரில் வாங்கிய பரப்புக் காணிகள் பலவும் அவ்வகையின. சட்டம் காணியை மட்டுமே கண்டது. அக்காணிக்காகக் கோலாலம்பூரில் உண்ணாது விட்ட பாலும் காயும் எந்த உறுதியிலும் எழுதப்படவில்லை.

மனைவியை அழைத்துக்கொள்வதா, ஊரில் விடுவதா என்பதும் இக்கணக்கிலேயே தீர்ந்தது. அழைத்துக்கொண்டால் ஓர் அடுப்புக் குறையும் என்று தோன்றும். ஆயின் சம்மரியின் மலிவு போய்விடும், முதிய பெற்றோருக்கு அனுப்புவதும் நிற்காது. குவாட்டர்ஸ் கிடைத்தவர் அழைத்தனர். கிடைக்காதவரின் மனைவிமார் ஆண்டுக்கணக்கில் தபாற்காரனை எதிர்பார்த்திருந்தனர்.

1930ஆம் ஆண்டளவில் ஈயமும் இறப்பரும் விலை வீழ்ந்தபோது ஆட்குறைப்பு வந்தது. உத்தியோகம் தப்பியவருக்கு விலைவாசி இறங்கியதால் ஓரளவு சுகமே. உத்தியோகம் இழந்தவருக்கு அரசாங்க வீடும் உடனே கைவிட்டுப் போயிற்று. பென்சனுக்கு ஆண்டு நிரம்பாது ஊர் திரும்பியோருக்கு ஈடுவைத்த காணியை மீட்கும் வழியும் அடைபட்டது.

1942 சனவரி 11இல் கோலாலம்பூர் யப்பானியர் வசமாயிற்று; பெப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. காசுக் கட்டளைகள் நின்றன. மூன்றரை ஆண்டுகள் இரு அடுப்புகளும் ஒன்றையொன்று அறியாமல் எரிந்தன, அல்லது எரியாமற் கிடந்தன. மலாயாவிலிருந்தோர் யப்பானியத் தாளிற் சம்பளம் பெற்று, வீட்டு முற்றத்தில் மரவள்ளி நட்டு உண்டனர். ஊரிலிருந்த பெண்கள் தாலிக்கொடி தவிர்ந்த நகைகளை ஒவ்வொன்றாக அடைவு வைத்தனர். 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியபோது யப்பானியத் தாள்களுக்கு மதிப்பில்லை என்று அறிவிக்கப்பட்டது. அதன்பின் வந்த முதற் கடிதங்களிற் பணம் இருக்கவில்லை. உயிரோடிருக்கின்றோம் என்ற செய்தி இருந்தது.