இமையம்

இமையம் (பிறப்பு: 1964) தமிழ் நாவலாசிரியர், சிறுகதையாளர். இயற்பெயர் வெ. அண்ணாமலை. கடலூர் மாவட்டத்துக்காரர், பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். திருச்சி பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரியில் படித்த நாட்களில் பேராசிரியர் எஸ். ஆல்பர்ட்டின் பழக்கம் கிடைத்தது. வாசிப்பு அங்கேதான் வேர்பிடித்தது.

முதல் நாவல் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் க்ரியா வெளியீடாக வந்தது. நாயகி ஆரோக்கியம், தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் வண்ணாத்தி. பிள்ளைப்பேறு, சாவு எல்லாவற்றுக்கும் ஓடுவாள்; களத்தில் கிடைக்கும் தானியமும் இரவில் வீடுவீடாக வாங்கும் சோறும்தான் கூலி. ஊர் மாற மாற அந்தப் பிடி தானியமும் சுருங்குகிறது. ஒடுக்கப்பட்டோரின் தெருவுக்குள்ளும் ஒரு கீழ்ப்படி உண்டு என்று காட்டியதால் நாவல் கடுமையான விவாதத்தைக் கிளப்பியது. தலித் விமர்சகர்கள் சிலர் அதை ஏற்கவில்லை. ஆனால் இமையத்தின் பலமே அங்கேதான் இருக்கிறது: யாருடைய தெருவானாலும் அவர் கண்ணை மூடிக்கொள்வதில்லை. லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் இந்நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

‘ஆறுமுகம்’ (1999), கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடப்பட்ட பெண்ணைப் பற்றிய ‘செடல்’ (2006) ஆகியவை அடுத்து வந்தன. 2012இல் வெளிவந்த ‘பெத்தவன்’ அளவில் சிறியது. சாதி மாறிக் காதலித்த மகளைக் கொல்லும்படி ஊர்ப் பஞ்சாயத்து நெருக்க, தகப்பன் அவளை இரவோடு இரவாக அனுப்பிவிட்டுத் தான் விஷம் குடிக்கிறான். அதே ஆண்டு நவம்பரில், சாதி மாறிய திருமணம் ஒன்றையொட்டித் தருமபுரியில் தலித்துகள் வாழ்ந்த நத்தம் காலனி எரிக்கப்பட்டபோது, நடந்ததைப் பார்த்து எழுதிய கதை என்றே பலர் நினைத்தார்கள். கதையோ அதற்கு முன்பே அச்சாகியிருந்தது.

‘எங் கதெ’ (2015) முழுக்க ஓர் ஆணின் வாய்ப்பேச்சு. நடுநாட்டுப் பேச்சு வழக்கு அதில் அலங்காரமாக இல்லை, மூச்சாகவே ஓடுகிறது. அவரது சிறுகதைகளிலும், குறிப்பாக ‘சாவுச்சோறு’, ‘கொலைச்சேவல்’ தொகுப்புகளில், ஆசிரியர் ஒதுங்கிக்கொள்ள ஆட்கள்தான் பேசித் தீர்க்கிறார்கள்.

‘செல்லாத பணம்’ (2018) புதுச்சேரி ஜிப்மரின் தீக்காயப் பிரிவில் நடக்கிறது. பொறியியல் படித்துவிட்டு ஆட்டோ ஓட்டுநரை மணந்த ரேவதி உள்ளே கிடக்கிறாள். தலைமையாசிரியரான அப்பா, எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை என்று வெளியே காத்திருக்கிறார். வாசலில் காத்துக்கிடப்பவர்களின் பேச்சிலேயே நாவல் வளர்கிறது. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இதற்குக் கிடைத்தது.