உடற்கூட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஓர் இரப்பர்த் துண்டு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிச் சாலைகளில் நீங்கள் சென்றிருக்கிறீர்களா? உடல் இல்லாத லாரிகளும் பேருந்துகளும் ஓடுவதை அங்கே காணலாம். முன்னால் எஞ்சின், பின்னால் நீண்ட இரண்டு இரும்புச் சட்டங்கள், அவற்றின் கீழே சக்கரங்கள், ஓட்டுநர் உட்கார ஓர் இருக்கை. அவ்வளவுதான்! இந்த எலும்புக்கூட்டைப் பட்டறைக்காரர்கள் 'சேஸ்' என்பார்கள். நாம் அடிச்சட்டம் என்று சொல்வோம். இதன்மேல் 'பாடி' என்னும் உடற்கூட்டைக் கட்டுவது கரூர், நாமக்கல் போன்ற ஊர்களுக்குக் கைவந்த தொழில்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. உடற்கூட்டை அடிச்சட்டத்தின் மேல் வைத்துப் போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் போதாதா? நடுவில் மரக்கட்டையோ இரப்பர்த் துண்டோ எதற்கு? கேள்வி சிறியதுதான். ஆனால் அதன் விடை குதிரை வண்டிக் காலத்திலிருந்து இன்றைய தொழிற்சாலைகள் வரை நீள்கிறது. பழைய வண்டிகளைப் புதுப்பிக்க முனைவோர் பலர் சறுக்கும் இடமும் இதுவே.

சட்டம் ஏன் முறுக்கிக்கொள்கிறது?

ஓர் எளிய சோதனை செய்து பாருங்கள். காலணி வாங்கிய அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியை அகற்றிவிட்டு, இரு முனைகளையும் பிடித்து எதிரெதிர்த் திசைகளில் முறுக்குங்கள். பெட்டி எளிதாக முறுக்கிக்கொள்ளும். இப்போது மூடியைப் போட்டுச் சுற்றிலும் தாள் ஒட்டிவிட்டு மீண்டும் முறுக்குங்கள். பெட்டி அசைய மறுக்கும். அட்டை அதே அட்டைதான். வடிவம் மூடப்பட்டதால் வலிமை கூடிவிட்டது.

லாரியின் அடிச்சட்டம் ஏணி போன்றது. பாரத்தின் கீழ் வளையாமல் தாங்கும். ஆனால், ஒரு முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அது மூடியில்லாப் பெட்டியைப் போலச் சற்றே முறுக்கிக்கொள்ளும். அப்படி முறுக்கிக்கொள்வது குறையன்று. நான்கு சக்கரங்களும் தரையை விடாமல் பற்ற அது உதவுகிறது. மேலே உள்ள உடற்கூடோ மூடிய பெட்டி. அதிலும் பக்கச் சன்னல்களே இல்லாத பெட்டி வேனின் உடற்கூடு மிகவும் விறைப்பானது. தபாலும் ரொட்டியும் செய்தித்தாளும் சுமந்த பழைய மூடு வேன்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கீழே இருப்பது முறுக்கிக்கொள்ள விரும்புகிறது. மேலே இருப்பது மறுக்கிறது. இரண்டையும் இரும்போடு இரும்பாக இறுக்கினால் என்ன ஆகும்? போல்ட் துளையைச் சுற்றித் தகடு கிழியும். கதவு நிலையில் உராயும். கண்ணாடித் தூணின் மூலையில் வர்ணம் வெடிக்கும். இறுக்காமல் விட்டாலோ வண்டி முழுவதும் கடகடவென்று ஆடும். ஆகவே, பிடித்துக்கொள்ளவும் வேண்டும், விட்டுக்கொடுக்கவும் வேண்டும். இவ்விரு வேலைகளையும் ஒருங்கே செய்யும் பொருளே 'பாடி மவுண்டிங்' எனப்படும் இரப்பர்த் தாங்கி.

தோலிலிருந்து இரப்பருக்கு

குதிரைக் கோச்சு வண்டிகளில் உடற்கூட்டைத் தடித்த தோல் வார்களில் தொங்கவிட்டார்கள். பின்னர் எஃகு விற்கள் வந்தன. சென்னை மவுண்ட் ரோட்டில் 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் இத்தகைய கோச்சு வண்டிகளைக் கட்டிப் பெயர் பெற்றது. மோட்டார் யுகம் பிறந்ததும் அங்கே பணியாற்றிய சாமுவேல் கிரீன் 1903-இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார்.

அந்நாளில் காரையோ வேனையோ முழுதாக ஒரே இடத்தில் வாங்குவது வழக்கமாக இல்லை. அடிச்சட்டம் ஒரு தொழிற்சாலையில் உருவாகும். அதன்மேல் மரச் சட்டகமும் தகடும் கொண்ட உடற்கூட்டைக் கோச்சு கட்டும் தொழிலாளர்கள் அமைப்பார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் தோல், கம்பளி அட்டை, மரத்துண்டு, இரப்பர் பூசிய கித்தான் ஆகியவற்றை அடுக்கினார்கள். மரச் சட்டகம் தானே சற்று நெளிந்து கொடுக்கும் என்பதால் இதுவே போதுமானதாக இருந்தது. உடற்கூடு முழுவதும் எஃகுத் தகடாக மாறியபோதுதான் தொல்லை தொடங்கியது. எஃகுக் கூடு நெளிந்து கொடுக்கவில்லை. எஞ்சினின் அதிர்வை முரசு போல் பெருக்கியும் காட்டியது.

இதற்குத் தீர்வாக இரப்பர் ஏற்கெனவே காத்திருந்தது. பச்சை இரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இக்குறைகள் நீங்குவதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். 1844-இல் காப்புரிமையும் பெற்றார். இரப்பரின் மூலக்கூறுகள் நூற்சுருள் போல நீண்டு சுருண்டவை. கந்தகம் அவற்றை ஆங்காங்கே முடிச்சிட்டுப் பிணைக்கிறது. அதனால்தான் இழுத்தாலும் அழுத்தினாலும் இரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது.

1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த இரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது. பின்னர் மலாயாவில் எழுந்த தோட்டங்களில் பால் வடித்தவர்களில் பெரும் தொகையினர் நம் தமிழ்த் தொழிலாளர்களே. உலகின் மோட்டார் வண்டிகள் உருண்டதற்கும் அதிராமல் ஓடியதற்கும் அவர்களுடைய உழைப்பு அடிப்படையாயிற்று.

1931-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரில் எஞ்சினையே இரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்த்தியது. நான்கு சிலிண்டர் எஞ்சினின் நடுக்கம் பயணியை எட்டாமல் தடுக்க முடியும் என்பதை மக்கள் நேரில் உணர்ந்தார்கள். இதன் பிறகு இரப்பரை வெறும் அடைப்பாக எண்ணும் நிலை மாறியது. கணக்கிட்டுச் செய்யப்படும் பொறியுறுப்பு என்ற தகுதி அதற்குக் கிடைத்தது.

சென்னையின் ஸ்டாண்டர்ட் வண்டிகள்

இதே காலத்தில் வேறொரு மாற்றமும் நடந்தது. 1934-இல் பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் அடிச்சட்டமே இல்லாமல், உடற்கூட்டையே தாங்கும் அமைப்பாகக் கொண்ட எஃகுக் காரைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. மற்றவர்களும் மெல்ல மெல்ல இதைப் பின்பற்றினார்கள். நம் நாட்டு அம்பாசடரும் பம்பாயில் தயாரான ஃபியட்டும் இவ்வகையே.

ஆனால், சென்னையில் பிறந்த ஒரு கார் பழைய வழியிலேயே நின்றது. 1948-இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை வண்டலூர்ப் பக்கம் இருந்தது. 1961-இல் அது ஸ்டாண்டர்ட் ஹெரால்டைக் கொண்டுவந்தது. இக்காருக்குத் தனி அடிச்சட்டம் உண்டு. உடற்கூட்டின் பகுதிகள் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டு, இடையே தாங்கித் துண்டுகள் வைத்து, அடிச்சட்டத்தின் மேல் அமர்த்தப்பட்டன.

உலகம் ஒரு பக்கம் போக, ஹெரால்டு மட்டும் ஏன் பின்னோக்கிச் சென்றது? காரணம் வணிகம். இங்கிலாந்தின் தாய் நிறுவனத்துக்கு உடற்கூடுகள் செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடற்கூட்டையும் ஒரே இடத்தில் பெற வழியில்லை. எனவே பகுதி பகுதியாகப் பல இடங்களில் செய்து, தனி அடிச்சட்டத்தின் மேல் பூட்டும் முறையை அவர்கள் கைக்கொண்டார்கள். ஒரு தட்டுப்பாட்டின் விளைவு சென்னைத் தெருக்கள் வரை வந்து சேர்ந்தது!

ஸ்டாண்டர்ட் 20 என்ற வேனும் இந்நிறுவனத்தின் தயாரிப்பே. 1988-இல் இங்கே உற்பத்தி நின்றுபோயிற்று. இன்று அவ்வண்டிகளை வைத்திருப்போர்க்குத் தொழிற்சாலையின் துணை கிடையாது.

இரப்பர் எப்படிச் சாகிறது?

இரும்பு துருப்பிடிப்பதை எல்லோரும் அறிவோம். இரப்பரும் மூப்படையும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. இயற்கை இரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. காற்றிலுள்ள உயிர்வாயுவும் மிகச் சிறிதளவே உள்ள ஓசோனும் அப்பிணைப்புகளைத் தாக்குகின்றன. வெப்பம் இவ்வேலையை விரைவுபடுத்தும். எண்ணெய் பட்டால் இயற்கை இரப்பர் ஊதிக் கூழாகும். பல ஆண்டுகள் பாரத்தின் கீழ் இருந்த துண்டு, பாரத்தை நீக்கினாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாமல் தட்டையாகவே நின்றுவிடும்.

ஒரு வண்டியின் எல்லாத் தாங்கிகளும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. எஞ்சின் சூடு படுபவை முன்னதாக இறுகும். சேறும் நீரும் தேங்கும் இடத்தில் உள்ளவை தம் கீழுள்ள இரும்பையும் அரிக்கவிடும். எனவே உடற்கூடு ஒரு பக்கம் இறங்கி, கதவின் இடைவெளி மேலே குறுகி கீழே அகலும். கதவுக் கீல் கெட்டுவிட்டது என்று எண்ணிக் கீலை வளைப்பவர்கள் உண்டு. நோய் கால் மாட்டில் இருக்க, மருந்து தலைமாட்டில் பூசிய கதை இது.

மாற்றும் முறை

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. கற்கருவிகளும் பானை ஓடுகளும் அங்கே கிடைத்தன. எந்தப் பொருள், எந்த அடுக்கில், எந்த ஆழத்தில் இருந்தது என்று குறிக்காமல் அகழாய்வாளர் எதையும் எடுப்பதில்லை. குறிப்பின்றி எடுத்த ஓடு வெறும் ஓடு. குறிப்போடு எடுத்ததே சான்று.

பழைய வண்டியைப் புதுப்பிப்போர்க்கும் இதுவே முதல் விதி. ஒவ்வொரு தாங்கிக்கும் எண் இடுங்கள். கழற்றுமுன் கதவு இடைவெளிகளை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். தாங்கிகளோடு சில இடங்களில் மெல்லிய தகட்டு வாஷர்கள் இருக்கும். ஓரிடத்தில் ஒன்று, மற்றோரிடத்தில் மூன்று, இன்னோரிடத்தில் எதுவுமில்லை என்றுகூட இருக்கலாம். இது கவனக்குறைவன்று. இரண்டு உடற்கூடுகள் அச்சாக ஒன்றுபோல் அமைவதில்லை. கதவு சரியாகச் சேரும்வரை தொழிலாளி ஒருவர் தம் கையால் ஒன்று கூட்டி ஒன்று குறைத்து வைத்த கணக்கு அது. அத்தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு அவருடைய கைத்திறனுக்கு எஞ்சியுள்ள பதிவும் அதுவாகவே இருக்கக்கூடும். அதைக் குப்பையில் கொட்டியபின் மீட்க வழியில்லை.

அடுத்து, துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். உடற்கூடு உயரும்போது ஸ்டீரிங் தண்டு, கியர் கம்பி, பிரேக் குழாய், மின்கம்பிகள் ஆகியவை இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாப் போல்ட்டுகளையும் ஒரே நேரத்தில் கழற்றலாகாது. ஒரு பக்கத்தைக் கழற்றி, மறுபக்கத்தைத் தளர்த்தி, ஜாக்கியின் மேல் நீளப் பலகை வைத்து உடற்கூட்டைச் சிறிதளவே உயர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டுவது உயிருக்கு ஆபத்து. உறுதியான முட்டுகள் கட்டாயம் தேவை.

புதிய தாங்கிக்குப் பதிலாகப் பழைய டயர்த் துண்டை வெட்டி வைக்கும் வழக்கம் உண்டு. அது சரியன்று. ஏன்? இரப்பரை அழுத்தினால் அதன் கனஅளவு ஏறக்குறைய மாறுவதில்லை. பக்கவாட்டில் பிதுங்கித்தான் அது விட்டுக்கொடுக்கிறது. ஓர் அழிப்பானை விரல்களுக்கிடையே அழுத்தினால் இதைக் காணலாம். டயருக்குள் உள்ள நூலிழைகள் இப்பிதுக்கத்தைத் தடுத்துவிடுகின்றன. பிதுங்க இடமில்லாத இரப்பர் கட்டையாகிவிடும். நல்ல தாங்கியின் நடுவே ஓர் இரும்புக் குழல் இருப்பதும் இதனால்தான். போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் குழலின் உயரத்துக்குக் கீழே இரப்பர் நசுங்காது.

செயற்கை இரப்பர் வகைகளும் இன்று உண்டு. 1931-இல் அறிமுகமான நியோப்ரீன் ஓசோனையும் எண்ணெயையும் இயற்கை இரப்பரைவிட நன்கு தாங்கும். பாலியூரித்தேன் நெடுநாள் உழைக்கும். ஆனால் விறைப்பு மிகுதி, அதிர்வை உள்ளே விட்டுவிடும்.

தாங்கிகளை வைத்தபின் எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டும் திருகி, பிறகு சமமாக, மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். கடைசியில் கதவு இடைவெளிகளைப் பழைய குறிப்போடு ஒப்பிட்டு வாஷர்களைச் சரிசெய்யலாம்.

அன்றும் இன்றும்

வண்டலூரிலிருந்து படப்பை வழியாக வாலாஜாபாத் செல்லும் சாலைதான் ஒரகடத்தைக் கடக்கிறது. அன்று ஹெரால்டு பிறந்த இடத்தையும் இன்று புதிய வண்டிகள் பிறக்கும் இடத்தையும் அது இணைக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும் ஒரகடத்தில் 2010 முதலும் உருவாகிவரும் கார்களுக்குத் தனி அடிச்சட்டம் இல்லை. இயந்திரக் கைகள் பற்றவைத்த ஒரே கூடுதான். ஆயினும் அவற்றின் எஞ்சின் இரப்பர்த் தாங்கியின் மேல்தான் அமர்கிறது. ஒரகடத்தில் 2012 முதல் தயாராகும் பாரத்பென்ஸ் லாரிகளிலோ ஏணி போன்ற அடிச்சட்டம் அப்படியே இருக்கிறது. நெளியும் சட்டத்தின் மேல் ஓட்டுநர் அறையை எப்படி அமர்த்துவது என்ற பழைய கேள்வியும் அதனோடு உயிருடன் இருக்கிறது.

உங்கள் ஊர்ப் பட்டறையில் பழைய வேன் ஒன்றைப் பிரிக்கிறார்களா? அனுமதி பெற்றுக் குனிந்து பாருங்கள். உடற்கூட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே கறுத்து இறுகிய ஒரு வட்டத் துண்டு தெரியும். அதன் தடிமனை அளந்து, எந்த மூலையில் இருந்தது, எத்தனை வாஷர்களோடு இருந்தது என்று ஒரு தாளில் குறித்து உரிமையாளரிடம் கொடுங்கள். மீண்டும் பூட்டும் நாளில் அந்தத் தாளை அவர் நிச்சயம் தேடுவார்.