மருத்துவச் சோதனையும் தாராவிச் சந்தும்

நுரையீரல் புற்றுநோய் பரவுமுன்பே பிடிபட்டு, கட்டியை வெட்டி எடுத்துவிட்டவர்களில் ஒரு பகுதியினர் அத்தோடு குணமாகிவிட்டவர்கள். யார் அவர்கள் என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அதனால் அவர்களில் சிலருக்கும் சேர்த்தே, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி ஏறுகிறது. முற்றிய நோயாளி பொறுத்துக்கொள்ளும் பக்கவிளைவை இவர்கள் ஏன் பொறுக்க வேண்டும்?

'இம்பவர்010' என்ற மருத்துவச் சோதனையில் அட்டிசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து 21 நாளுக்கு ஒருமுறை, 16 தடவை வரை கொடுக்கப்பட்டது. மருந்து பெற்ற 495 பேரில் 22 சதவீதத்தினருக்குக் கடுமையான பாதிப்புகள் வந்தன. மருந்தின்றிக் கண்காணிக்கப்பட்டவர்களில் 12 சதவீதம். மருந்தால் இறந்தவர்கள் நால்வர். சுத்தமான கணக்குதான். ஆனால், உடலே உடலைத் தாக்கும் நோய் உள்ளவர்களையும் காசநோய் இருப்பவர்களையும் வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போட்ட கணக்கு.

மும்பை தாராவியில் அப்படி நிறுத்த முடியாது. மருந்தேறிச் சில மாதம் கழித்து ஒருவருக்கு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால், சந்து முனை டாக்டருக்கு முதலில் தோன்றுவது டி.பி. அது இம்யூனோதெரபியால் வந்த நுரையீரல் அழற்சியாகவும் இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு வேண்டும். டி.பி.யாகவே இருந்தாலோ ஸ்டீராய்டு அதைக் கிளறிவிடும். போதாதென்று, உறங்கிக் கிடக்கும் டி.பி.யை இந்த மருந்தே எழுப்பிவிட்ட நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. அதே ஆள் தாதரில் ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போய், அங்கே வயிற்றுப்போக்கில் படுத்தால், ஹோட்டல் சாப்பாட்டின் மேல்தான் பழி விழும். மருந்து நின்று மாதங்கள் ஆன பின்னும் குடல் அழற்சி வரலாம் என்பதை ஊர் டாக்டருக்கு யார் சொல்வது?

(இந்த மருந்து தாராவிக்கு எட்டுமா என்பது தனிக் கதை. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு இதே வகை மருந்தான நிவோலுமாபை வெறும் 20 மில்லிகிராம் அளவில் பரேல் டாடா மருத்துவமனை சோதித்துப் பார்த்ததே விலையை நினைத்துத்தான்.)

சந்தில் நேரும் இத்தகைய பக்கவிளைவுகளைத் திரட்டுவது 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம்; அது காஜியாபாத்தில் இருந்து நடக்கிறது. டாக்டரும் நோயாளியும் தாமாக அனுப்பும் புகார்களைத்தான் அது பெரிதும் நம்பியிருக்கிறது. எத்தனை பேருக்கு மருந்து ஏறியது என்ற எண்ணிக்கை அந்தப் புகார்களில் இராது. ஆகவே சதவீதம் போட முடியாது. மருத்துவச் சோதனை இந்த விஷயத்தில் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. ஆனாலும் டி.பி. மலிந்த ஊரில் இந்த மருந்து என்ன செய்யும் என்று கேட்டால், என் ஓட்டு சந்திலிருந்து வரும் அந்த அரைகுறைப் புகாருக்கே.

மாட்டுங்காவோ செம்பூரோ, வீட்டில் யாருக்காவது இந்த மருந்து ஏறியிருந்தால், மருந்தின் பெயரையும் கடைசியாக ஏறிய தேதியையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்து அனுப்புங்கள். பக்கவிளைவைத் தெரிவிக்கக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. நோயாளியே நிரப்பும் படிவம் தமிழிலும் இருக்கிறது.