புங்கமர வேரும் கறுப்புப் பையும்



போன மாதம் நம் பழைய மாணவர் ஒருவர் பெங்களூரிலிருந்து பேசினார். அவர் குடியிருக்கும் வளாகத்தில் நாற்பது மரக்கன்று நடப்போகிறார்களாம். "நீங்கதான் சார் எங்களுக்கு மரம் நடக் கத்துக்கொடுத்தீங்க. அதே மாதிரியே நட்டுடறோம்" என்றார். "அதே மாதிரி நட்டுடாதப்பா" என்றேன். மனுஷன் திகைத்துப் போய்விட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். வரலாற்று ஆசிரியன் எழுதுவது, ஆண்டுகள் வரத்தான் செய்யும். பரீட்சை கிடையாது, பயப்படாமல் படியுங்கள்.

1998இல் நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது பள்ளி மதிலோரம் பன்னிரண்டு புங்கங்கன்றுகள் நட்டோம். அந்த வருடத்துப் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். குழி வெட்டியது நீங்கள், அதிகாரம் செய்தது நான். "பையைக் கிழிங்க, ஆனா உள்ளே இருக்கிற மண் உடையக் கூடாது. வேரை யாரும் தொடாதீங்க." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பன்னிரண்டும் பிழைத்தன. நல்ல நிழல். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மறுநாள் காலையில் பள்ளிக்கு ஓடினேன். பன்னிரண்டில் ஐந்து விழுந்து கிடந்தன. ரம்பத்தோடு உதவிக்கு வந்திருந்த பழைய மாணவன் ஒருவன் கேட்டான்: "வெளிநாட்டு மரம்தான் விழும்னு பேப்பர்ல போட்டிருக்கானே சார். புங்கன் நம்ம ஊரு மரம்தானே, இது ஏன் விழுந்துச்சு?"

குல்மோகரும் தூங்குமூஞ்சியும் அதிகம் விழுந்தன என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவன் கேள்விக்கு அது பதிலாகாது. குனிந்து பார்த்தேன். விழுந்த மரத்தின் அடியில் வேர்கள் பிரிமணை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. தொடை கனத்துக்குத் தடித்த வேர், ஒரு சொம்பளவு வட்டத்துக்குள்ளேயே வளைந்து வளைந்து போயிருந்தது. ஒரு பக்கம் மட்டும் இரண்டு வேர் வெளியே ஓடியிருந்தது. கறுப்புப் பையை 1998லேயே கிழித்துப் போட்டுவிட்டோம். பையின் வடிவத்தை மரம் பதினெட்டு வருடம் மண்ணுக்குள் வைத்திருந்திருக்கிறது.

அதன் பிறகுதான் இந்தப் பை எப்போது வந்தது, அதற்குள் என்ன மண் போடவேண்டும் என்று யார் கண்டுபிடித்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை.

நம் பாட்டன்மார் ஆலும் அரசும் வளர்த்தபோது பை ஏது? ஆல மரத்தில் கைகனமான கிளையை வெட்டி 'போத்து' என்று நட்டார்கள். புளி, வேம்பு எல்லாம் பெரும்பாலும் விதை விழுந்த இடத்திலேயே வளர்ந்தவை. அந்த மரத்தின் வேர் சுவரையே கண்டதில்லை. மரத்தை ஓரிடத்தில் வளர்த்து, வண்டியில் ஏற்றி, இன்னோரிடத்தில் நடவேண்டும் என்று வந்த பிறகுதான் தொட்டியும் தொட்டி மண்ணும் பிரச்சினையாயின.

முதலில் மண்ணின் கதை. லண்டனுக்குத் தெற்கே மெர்ட்டன் என்ற இடத்தில் 1910இல் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனம் தொடங்கியது. ஜான் இன்னஸ் என்ற வணிகர் விட்டுச்சென்ற சொத்தில் உருவானது. முதல் இயக்குநர் வில்லியம் பேட்சன்; 'ஜெனெடிக்ஸ்' என்ற சொல்லை உருவாக்கியவர். அங்கே மரபியல் ஆராய்ச்சிக்காக ப்ரிமுலா என்ற பூச்செடியைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவந்தார்கள். 1930களில் அந்த நாற்றுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. செடி செத்தால் ஆராய்ச்சியும் போச்சு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு தோட்டக்காரரிடமும் ஒவ்வொரு செடிக்கும் ஒரு ரகசிய மண் கலவை இருந்தது, வீட்டுக்கு வீடு சாம்பார்ப்பொடி பக்குவம் மாறுவதுபோல. எது சரி என்று யாருக்கும் தெரியாது.

லாரன்ஸ், நியூவெல் என்ற இரண்டு பேர் பல வருடம் உட்கார்ந்து சோதனை செய்தார்கள். மண்ணோடு வரும் நோய்க்கிருமிதான் நாற்றைக் கொல்கிறது என்று, மண்ணை நீராவியில் சுமார் 80 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். இட்லி வேகவைப்பது போலத்தான். பிறகு அளவுகளை மாற்றி மாற்றிப் பார்த்து இரண்டே கலவைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். விதைக்கு 2 பங்கு தோட்டமண், 1 பங்கு பீட் என்னும் சதுப்பு நிலத்து மட்கு, 1 பங்கு மணல். தொட்டிக்கு 7 பங்கு, 3 பங்கு, 2 பங்கு. கூடவே கொஞ்சம் சுண்ணாம்பு, உரம். 1939இல் புத்தகமாகவே போட்டுவிட்டார்கள். நிறுவனம் அந்தக் கலவையைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டுவிட்டது. இன்றும் இங்கிலாந்தில் 'ஜான் இன்னஸ்' என்று மூட்டையில் எழுதி விற்பது ஒரு கம்பெனியின் சரக்கு அல்ல, ஒரு சமையல் குறிப்பு.

செம்மண் 2, மணல் 1, தொழு உரம் 1 என்று நம்மூர் நாற்றங்கால்களில் சொல்வார்களே, அதுவும் இதே விகிதம்தான் என்பதைக் கவனியுங்கள்.

நல்ல தோட்டமண்ணையே பையில் நிரப்பினால் என்ன என்று கேட்பீர்கள். வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டு நின்றதும் அப்படியே நிமிர்த்திப் பிடியுங்கள். மறுபடியும் தண்ணீர் சொட்டும். உயரம் குறைந்தால் தண்ணீர் அதிகம் தங்குகிறது. தரையில் மண்ணின் ஆழம் பல அடி, தண்ணீர் இறங்கிவிடும். அதே மண் ஒரு சாண் பையில் இருந்தால் அடிப்பாகம் எப்போதும் சேறாகவே கிடக்கும். வேருக்குக் காற்று கிடைக்காது. மணலும் மட்கும் அதற்குத்தான்.

அடுத்து அமெரிக்கா. கலிஃபோர்னியாவில் நர்சரிக்காரர்கள் உணவு அடைத்துவந்த காலித் தகரடப்பாக்களில் கன்று வளர்த்தார்கள். 1957இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், கென்னத் பேக்கரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ஒரு கையேடு வெளியிட்டது. தோட்டமண்ணே வேண்டாம், நுண்மணலும் பீட்டும் போதும் என்றது. நோயில்லாத, கனமில்லாத கன்று. வியாபாரம் பெருகியது. பிறகு தகரம் போய் பிளாஸ்டிக் வந்தது. மண் சரியானதும் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

வேர் மட்டும் ஏமாந்தது. செழிப்பான கலவையில் வேகமாக ஓடிவரும் வேர், வழவழப்பான சுவரை முட்டியதும் திரும்புகிறது. சுற்றுகிறது. மேலே தளதளவென்று இலை இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. வேர் மரமாக முற்றிவிட்டால் வளைவு நிமிராது. தடிக்கத் தடிக்க அடிமரத்தையே இறுக்கும். 1971இல் டேவிஸ் நகரத்தில் ரிச்சர்ட் ஹாரிஸும் உடனிருந்தோரும் வெளியிட்ட ஆய்வு, வேரை வெட்டினால் நர்சரிக் கன்றின் தரம் உயர்கிறது என்றது. நாற்றுத் தட்டிலிருந்து தொட்டிக்கு மாற்றும்போதே கோணல் வேரைக் கத்தரிக்கவேண்டும். நான் 1998இல் உங்களிடம் வேரைத் தொடாதே என்று கத்திக்கொண்டிருந்தேன்!

எனக்கு மிகவும் பிடித்தது கார்ல் விட்கோம்பின் கதை. 1960களின் கடைசியில் அவர் அடிப்பாகம் இல்லாத பால் அட்டைப்பெட்டிகளைக் கம்பி வலைமேல் வைத்துக் கன்று வளர்த்தார். ஆணிவேர் கீழே இறங்கி வெறுங்காற்றைத் தொட்டதும் நுனி காய்ந்துவிட்டது. நுனி போனதும் மேலே பக்கத்திலிருந்து புதிது புதிதாக வேர்கள் கிளைத்தன. முருங்கைக் கொழுந்தைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்குமே, அதேதான் மண்ணுக்கடியிலும். இன்று நம் வனத்துறை நாற்றங்கால்களில் தரைக்கு மேலே தாங்கியில் வரிசையாக வைத்திருக்கும், அடியில் ஓட்டையுள்ள கறுப்புக் குழல்கள் செய்வதும் அந்த வேலையைத்தான்.

ஏற்கெனவே பையில் சுருண்டுவிட்ட கன்றை என்ன செய்வது? புளோரிடாவும் நம்மைப்போல் புயல் பூமி. அங்கே எட்வர்ட் கில்மன் என்ற பேராசிரியர் இதற்கென்றே பல வருடம் செலவிட்டார். நடும்போது வேர்க்கட்டின் வெளிப்புறத்தைச் சுற்றிலும் ஓர் அங்குலம் போலச் சீவி எடுத்துவிடச் சொன்னார். பலாப்பழத் தோலைச் சீவுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிய வேரெல்லாம் அறுபட்டு, வெட்டிய இடத்திலிருந்து புது வேர் நேராக வெளியே போகும். அடிமரம் விரிந்து வேர் தொடங்கும் கழுத்து, தரைமட்டத்துக்கு மேலே தெரியவேண்டும் என்பதும் அவர் விடாமல் சொன்னது. நாம் அதையும் ஒரு சாண் புதைத்தோம், சாயாமல் நிற்கட்டும் என்று.

ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. பீட்டுக்காகச் சதுப்பு நிலங்களை வெட்டி அழிக்கிறோமே என்று ஐரோப்பா இப்போது கவலைப்படுகிறது. அதற்கு மாற்றாக அவர்கள் வாங்கும் பொருட்களில் ஒன்று, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காலத்தில் மலைமலையாகக் குவிந்துகிடந்த தென்னை நார்க்கழிவு. உப்பைக் கழுவி, கட்டியாக அழுத்தி, கப்பலேற்றுகிறார்கள்.

பெங்களூர்க்காரருக்கு என் பதில்: கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதே. சின்னக் கன்றாக எடு. ஒரு பையைக் கிழித்துக் காட்டச் சொல். வேர் கயிறு மாதிரி தடித்துச் சுற்றியிருந்தால் அந்தக் கூட்டத்தையே வேண்டாம் என்று சொல். இலேசாகச் சுற்றியிருந்தால் கூர்மையான கத்தியால் சீவு. மழை தொடங்கும்போது நடு, முதல் வருடம் தண்ணீர் விடாமல் ஊற்று.

மீதி ஏழு புங்க மரங்கள் பள்ளியில் இன்னும் நிற்கின்றன. அதனடியில்தான் பிள்ளைகள் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, தோட்ட வேலை தெரிந்த ஒருவரை அழைத்துப்போய், ஒவ்வொரு மரத்தின் கழுத்தைச் சுற்றியும் மண்ணை மெல்ல விலக்கிப் பார்த்தோம். நான்கில் வேர் எல்லாப் பக்கமும் போயிருக்கிறது. இரண்டில் அடிமரத்தைச் சுற்றிய மெல்லிய வேர்களை வெட்டி எடுத்தோம். ஒன்று, மதிலின் மூலையில் நிற்பது, அந்த ஐந்தைப் போலவே இருக்கிறது. அதை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். நட்டவர்களில் யாராவது இந்தப் பக்கம் வந்தால், வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். அதன் பக்கத்தில் வைக்க ஒரு சின்னக் கன்று வாங்கி, வேரைச் சீவி, என் வீட்டு வாசலில் வைத்திருக்கிறேன். சீவும்போது கை நடுங்கியது உண்மை. இருபது நாளாகிறது, இரண்டு துளிர் விட்டிருக்கிறது.