அந்தக் காலம் அப்படியா? 1951 சான் ஃபிரான்சிஸ்கோ டான்ஸ் அணியின் கதை

பழைய அநியாயம் எதையாவது பற்றிப் பேச ஆரம்பித்தால் கூட்டத்தில் ஒருத்தராவது "அந்தக் காலம் அப்படி சார், இப்ப இருக்கிற கண்ணால அதைப் பார்க்கக் கூடாது" என்பார். நியாயமான வாதம் மாதிரிதான் தோன்றும். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பை அசைத்துப் பார்த்த ஒரு கதை இது. ஒரு கல்லூரி அணி, ஒரே ஒரு சீசன், 9 ஆட்டங்கள்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இங்கே சொல்லப்போவது நாம் விளையாடும் ஃபுட்பால் இல்லை. நம்முடைய ஃபுட்பாலுக்கு அமெரிக்காவில் 'சாக்கர்' என்று பெயர். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, முட்டி மோதி, கஜம் கஜமாக முன்னேறும் ஆட்டம். அங்கே கல்லூரி அணிகளின் ஆட்டத்துக்கே ஐம்பதாயிரம் பேர் கூடுவது சாதாரணம். அந்த நாட்களில் செப்டம்பரில் தொடங்கிய சீசன் நவம்பர் கடைசிவாக்கில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு, புத்தாண்டை ஒட்டி, நன்றாக ஆடிய அணிகளை அழைத்துச் சில நகரங்கள் நடத்தும் ஆட்டங்களுக்கு 'பௌல்' என்று பெயர். மயாமியில் ஆரஞ்சு பௌல், நியூ ஆர்லியன்ஸில் சுகர் பௌல், ஜாக்சன்வில்லில் கேட்டர் பௌல், அப்போது டல்லாஸில் காட்டன் பௌல், எல் பாசோவில் சன் பௌல். அழைப்பு வந்தால் கௌரவம், கூடவே பணம். யாரை அழைப்பது என்பதை அந்தக் காலத்தில் முடிவு செய்தது அந்தந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் அடங்கிய கமிட்டி. இந்தக் கமிட்டிகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் ஏசு சபைப் பாதிரியார்கள் நடத்தும் கத்தோலிக்கக் கல்லூரி. அணிக்குப் பெயர் டான்ஸ். பயிற்சியாளர் ஜோ குஹாரிச். கண்டிப்பான மனிதர். அணியின் விளம்பர வேலைகளைப் பார்த்துக்கொண்டவர் பீட் ரோசெல் என்கிற 25 வயது இளைஞர்.

அணியில் கறுப்பின வீரர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆலி மேட்சன். டெக்சாஸில் பிறந்து, பதின்வயதில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்தவர். பந்தை வாங்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தால் பிடிக்க ஆள் கிடையாது. இன்னொருவர் பர்ல் டோலர். டென்னசி மாநிலம் மெம்ஃபிஸ்காரர். எதிரணி ஆளைத் தடுத்து வீழ்த்துவதில் அவருக்கு நிகர் அவர்தான். இரண்டு பேருமே ஊரில் இருந்த சிட்டி காலேஜில் ஆடிவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர்கள். மற்றவர்களில் இத்தாலியக் குடும்பத்துப் பையன் ஜீனோ மார்க்கெட்டி இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் சண்டை போட்டுத் திரும்பியவர். ஏறக்குறைய ஏழடி உயரம் கொண்ட பாப் செயின்ட் கிளேர் உள்ளூர்ப் பையன்.

1951 சீசன் தொடங்கியது. சான் ஹோசே கல்லூரியை 39-2 என்று அடித்தார்கள். அதே அணியை மறுபடி சந்தித்தபோது 42-7. நியூயார்க் போய் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தோடு ஆடியதுதான் உண்மையான சோதனை. அதில் மேட்சன் எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து, மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஓடி, டச்டவுன் போட்டார். ஒரு தடவை இல்லை, ஒரே ஆட்டத்தில் இரண்டு தடவை. 32-26 என்று ஜெயித்தார்கள். பசிஃபிக் கல்லூரியை அதன் சொந்த ஊரிலேயே 47-14. கடைசி ஆட்டம் லயோலாவுடன், பாசடீனா நகரின் ரோஸ் பௌல் ஸ்டேடியத்தில். 20-2.

ஒன்பதுக்கு ஒன்பது. ஒரு தோல்வி இல்லை, ஒரு சமன்கூட இல்லை. மேட்சன் அந்த சீசனில் 1,566 கஜம் ஓடி 21 டச்டவுன் போட்டார். பந்தோடு ஓடிய தூரத்தில் நாட்டிலேயே முதலிடம் அவருக்குத்தான். அசோசியேட்டட் பிரஸ்ஸின் கடைசித் தரவரிசையில் அணிக்கு 14-ஆம் இடம்.

இனி பௌல் அழைப்புதான் பாக்கி. அது வரவில்லை.

கமிட்டிகள் தரப்பில் சொன்ன காரணம்: "உங்கள் எதிரணிகள் பலவீனமானவை." இதில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது. ஒன்பதில் இரண்டு ஆட்டங்கள் ராணுவ முகாம் அணிகளோடு ஆடியவை. பெரிய கல்லூரிகள் டான்ஸோடு மோத முன்வரவுமில்லை. ஜெயித்தால் பெருமையில்லை, தோற்றால் அவமானம் என்ற கணக்கு. ஆனால் சான் ஃபிரான்சிஸ்கோவின் விளையாட்டுச் செய்தியாளர் ஐரா புளூ வேறொரு காரணத்தை வெளியே கொண்டுவந்தார். ஆரஞ்சு, சுகர், கேட்டர் மூன்று கமிட்டிகளும் கறுப்பின வீரர்கள் இருக்கும் அணிகளை அழைப்பதில்லை என்று பேசிவைத்திருக்கின்றன, இதை அவரிடம் சொன்னது கேட்டர் பௌலின் தலைவரே என்பது செய்தி.

செய்தியை நம்பலாமா? 1952 ஜனவரி 1 அன்று நடந்ததைப் பார்ப்போம். ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியா டெக்கும் பேய்லரும். சுகர் பௌலில் மேரிலாண்டும் டென்னசியும். கேட்டர் பௌலில் மயாமியும் கிளெம்சனும். ஆறு அணிகள். ஆறிலும் சேர்த்து ஒரு கறுப்பின வீரர்கூடக் கிடையாது.

இந்த இடத்தில்தான் நம்முடைய "அந்தக் காலம் அப்படி" ஆள் கையைத் தூக்குவார். தெற்கு மாநிலங்கள், 1951, நிறப்பாகுபாடு சட்டமாகவே இருந்த காலம், வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்பார்.

சரி, அதே நாளில் இன்னொரு ஊருக்குப் போவோம். எல் பாசோ. அதுவும் டெக்சாஸ்தான். அங்கே சன் பௌலில் ஆட அழைக்கப்பட்டது யார் தெரியுமா? பசிஃபிக் கல்லூரி! டான்ஸிடம் 47-14 என்று உதை வாங்கிய அதே பசிஃபிக். அந்த அணியில் எடி மேக்கன் என்ற கறுப்பின வீரர் இருந்தார், அன்றைக்கு ஆடவும் செய்தார். சன் பௌலில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். மூன்று வருஷம் முன்பு இதே சன் பௌல், பென்சில்வேனியாவின் லஃபாயெட் கல்லூரியை அழைத்தபோது, டேவிட் ஷோவெல் என்ற கறுப்பின வீரர் ஆடக் கூடாது என்றது. லஃபாயெட் வீரர்கள் அப்படியானால் நாங்களும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்றே வருஷத்தில் எல் பாசோ தன் கதவைத் திறந்துவிட்டது.

டல்லாஸ் அதற்கும் முன்பே திறந்தது. 1948 ஜனவரி 1, காட்டன் பௌல். பென் ஸ்டேட் அணியில் வாலி டிரிப்லெட், டென்னி ஹொகார்ட் என்று இரண்டு கறுப்பின வீரர்கள். ஊருக்குள் இருந்த ஹோட்டல்கள் அவர்களைச் சேர்க்காது என்பதால் மொத்த அணியும் கடற்படை முகாம் ஒன்றில் தங்கியது. ஆட்டம் 13-13 என்று சமனில் முடிந்தது. அதைச் சமனாக்கிய டச்டவுனைப் போட்டது டிரிப்லெட். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. இதே பென் ஸ்டேட் 1946-ல் மயாமியில் ஆட வேண்டிய ஆட்டத்தை, கறுப்பின வீரர்களை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள் என்பதற்காகவே ரத்து செய்திருந்தது.

ஆக, காலம் ஒன்றுதான். ஒரே தெற்கு, ஒரே ஜனவரி முதல் தேதி. டல்லாஸ் கமிட்டியும் எல் பாசோ கமிட்டியும் ஒருவிதமாக முடிவெடுத்தன, மயாமியும் நியூ ஆர்லியன்ஸும் ஜாக்சன்வில்லும் வேறுவிதமாக முடிவெடுத்தன. இதைக் காலத்தின் தலையில் கட்ட முடியாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி, மனிதர்கள் எடுத்த முடிவு இது.

நிலைமை எவ்வளவு மோசமாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். அதே 1951 அக்டோபரில் ஓக்லஹோமாவில் நடந்த ஒரு ஆட்டத்தில், டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின நட்சத்திரம் ஜானி பிரைட்டின் தாடையை எதிரணி ஆள் குத்தி உடைத்தார். பந்து அவர் கையில்கூட இல்லாத நேரத்தில்! அந்தக் காட்சியைப் பிடித்த படங்களுக்கு அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு கிடைத்தது. மேட்சனும் டோலரும் ஒவ்வொரு வாரமும் இப்படிப்பட்ட நாட்டில்தான் களமிறங்கினார்கள்.

டான்ஸ் வீரர்களுக்கு ஒரு வழி காட்டப்பட்டது. கடிதமாக அல்ல, வாய்மொழியாக. அந்த இரண்டு பேரை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் அழைப்பு கிடைக்கும். பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை, முடியாது என்று உடனே சொல்லிவிட்டோம் என்றுதான் பின்னாளில் அவர்கள் நினைவுகூர்ந்தார்கள்.

இதைப் படிக்கும்போது சுலபமாகத் தெரியும். ஆனால் அந்த 'முடியாது' யாருக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று பார்க்க வேண்டும். மேட்சன் எப்படியும் பெரிய இடத்துக்குப் போயிருப்பார். ஆனால் அணியில் இருந்த மற்றவர்களில் பலருக்கு அதுதான் வாழ்க்கையின் கடைசி ஆட்டமாக இருந்திருக்கும். பேர் வாங்க இன்னொரு வாய்ப்பு வரப்போவதில்லை.

கல்லூரிக்கும் பண நெருக்கடி. ஊரில் ஃபார்ட்டி நைனர்ஸ் என்ற தொழில்முறை அணி வந்துவிட்டதால், கெசார் ஸ்டேடியத்தில் கல்லூரி ஆட்டம் பார்க்க ஆள் குறைந்துகொண்டே வந்தது. பக்கத்தில் செயின்ட் மேரீஸ் கல்லூரி முந்தைய சீசனோடு ஃபுட்பாலை மூட்டை கட்டிவிட்டது. ஒரு பெரிய பௌல் ஆட்டம் கிடைத்திருந்தால் கடன் கொஞ்சமாவது குறைந்திருக்கும். அது இல்லாமல் போனதும் கல்லூரி நிர்வாகம் அந்தப் பெரிய அணியைக் கலைத்துவிட்டது. தோல்வியே காணாத அணிக்கு அடுத்த சீசன் என்று ஒன்று இல்லை. படிப்பு பாக்கி இருந்த செயின்ட் கிளேர் டல்சாவுக்குப் போய் ஆட வேண்டியதாயிற்று.

ஒரு பௌல் பணம் அந்த அணியைக் கடைசி வரை காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்து சாண்டா கிளாராவும் அடுத்த சீசனோடு நிறுத்திக்கொண்டது. சின்னக் கத்தோலிக்கக் கல்லூரிகளால் அந்தச் செலவைத் தாங்க முடியவில்லை என்பதுதான் அடிப்படைக் காரணம். ஆனால் கல்லூரிக்குப் பணம் வேண்டியிருந்த நேரத்தில், பணம் வரும் வழி கண்ணுக்கு முன்னால் இருந்தும் இந்தப் பையன்கள் வேண்டாம் என்றார்கள். அதுதான் விஷயம்.

பிறகு என்ன ஆனார்கள்? மேட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும், தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கிவிட்டு தொழில்முறை ஃபுட்பாலுக்குப் போனார். 1959-ல் அவர் ஒருவரைப் பெறுவதற்காக லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி ஒன்பது பேரைக் கொடுத்தது. அந்த பேரத்தை முடித்த மேலாளர் நம்ம பழைய விளம்பரக்காரர் ரோசெல்! மேட்சனும் மார்க்கெட்டியும் 1972-லும், செயின்ட் கிளேர் 1990-லும் தொழில்முறை ஃபுட்பாலின் புகழ்க் கூடத்தில் இடம் பெற்றார்கள். ஒரே கல்லூரி அணியிலிருந்து மூன்று பேர். பலவீனமான அணி என்று சொன்னவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை. ரோசெல் 1960-ல் மொத்த தேசிய ஃபுட்பால் லீகுக்கும் தலைவராகி, 1989 வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

கடைசியாக டோலர். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவர் இவர்தான். 1952-ல் ஒரு காட்சி ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. பள்ளி ஆசிரியரானார், பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர். 1965-ல் தேசிய ஃபுட்பால் லீக் அவரை ஆட்ட நடுவர் குழுவில் சேர்த்தது. அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை மைதானம். இப்படி 25 சீசன்கள்.

1980 ஜனவரியில் 14-ஆவது சூப்பர் பௌல் நடந்தது. நடுவர் குழுவில் டோலர் இருந்தார். சூப்பர் பௌலில் ஒரு கறுப்பின நடுவர் நின்றது அதுவே முதல் தடவை. லீகின் தலைவர் ரோசெல். இடம், பாசடீனாவின் ரோஸ் பௌல் ஸ்டேடியம். 28 வருஷம் முன்பு டான்ஸ் அணி தன் ஒன்பதாவது வெற்றியோடு சீசனை முடித்த அதே புல்தரை.

டோலர் 2009-ல் காலமானார். 2017-ல் அவருடைய கல்லூரி, ஒரு மாணவர் விடுதியின் பழைய பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரை வைத்தது. அந்தப் பழைய பெயர், ஆசியர்கள் கலிபோர்னியாவுக்குள் வரக் கூடாது என்று பிரசாரம் செய்த ஜேம்ஸ் ஃபீலன் என்ற முன்னாள் மேயருடையது. ஃபீலனையும் "அந்தக் காலம் அப்படி" என்று சொல்லி விட்டுவிடலாம்தான். ஆனால் அந்தக் காலத்தில்தான் இந்தப் பையன்களும் இருந்தார்கள்.