ஒலி ஏறினாலும் இறங்கினாலும்: மோடத்திற்குள் இருந்த காவலன்

தொலைபேசிக் கம்பி வழியே வரும் சமிக்ஞை எவ்வளவு வலுவுடன் வந்து சேரும் என்பது அனுப்புபவரின் கையில் இல்லை. இடைப்பட்ட தொலைவு, செம்புக் கம்பியின் தடிமன், வழியிலுள்ள இணைப்பகங்கள் ஆகியவையே அதைத் தீர்மானிக்கின்றன. 1 மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபெல் கணக்கில், அமெரிக்கத் தொலைபேசி வலையில் மோடம் வழக்கமாக −9 என்ற அளவில் அனுப்பும். அது −43 வரை தேய்ந்து வந்தாலும் பெறும் முனை அதை அடையாளம் காண வேண்டும் என்று வி.22பிஸ் தரநிலை எதிர்பார்த்தது. இடைவெளி 34 டெசிபெல். அதாவது திறனில் ஏறத்தாழ 2,500 மடங்கு, மின்னழுத்தத்தில் 50 மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வைத் தானே அளந்து சமன்செய்யும் அமைப்பே தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு. மோடத்தின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அந்த வேகத்தைச் சாத்தியமாக்கியவற்றுள் ஒன்றான இவ்வமைப்பு அதில் அரிதாகவே இடம்பெறுகிறது.

இதன் வேர் வானொலியில் உள்ளது. 1920-களின் வானொலிப் பெட்டியில் தொலைதூர நிலையம் ஒன்றைக் கேட்க ஒலியைக் கூட்டி வைத்தவர், குமிழைத் திருப்பி உள்ளூர் நிலையத்துக்கு வந்தால் காது அடைக்கும் இரைச்சலைச் சந்தித்தார். 1925-இல் ஹேசல்டைன் நிறுவனத்தைச் சேர்ந்த ஹரால்ட் வீலர் என்ற இளம் பொறியாளர் இதற்கு எளிய தீர்வு கண்டார். வந்து சேர்ந்த ஊர்தி அலையின் வலுவை ஒரு டையோடு மூலம் நேர்மின்னழுத்தமாக மாற்றி, அதையே முந்தைய வால்வுகளின் கிரிட்டுக்குத் திருப்பி அனுப்பினார். அலை வலுத்தால் பெருக்கம் குறையும், மெலிந்தால் கூடும். 1929-இல் ஃபில்கோ நிறுவனத்தின் 95 என்ற பெட்டி இவ்வசதியுடன் சந்தைக்கு வந்தது. 1928-இல் ஜெர்மானியரான கார்ல் கூப்ஃப்முல்லர் இத்தகைய சுற்றுகளின் இயக்கத்தைக் கணித முறையில் ஆராய்ந்து வெளியிட்டார். 1930-களின் தொடக்கத்திலேயே புதிய வானொலிப் பெட்டிகளில் இது பரவலாயிற்று.

ஆனால் காப்புரிமை நிலைக்கவில்லை. டெட்ரோலா நிறுவனத்துக்கும் ஹேசல்டைனுக்கும் இடையிலான வழக்கில், 1941-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வீலரின் காப்புரிமை செல்லாது என்றது. முன்பே அறியப்பட்டிருந்தவற்றைத் தாண்டிய புத்தாக்கம் எதுவும் அதில் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். வந்த அளவைப் பார்த்துப் பெருக்கத்தைத் திருத்துவது என்ற கருத்து, சொல்லிக் கேட்ட பிறகு எவருக்கும் தோன்றக்கூடியதுதான். அதை ஒரு புதிய இடத்தில் செயல்பட வைப்பதும் அவ்வளவு எளிதா என்ற கேள்விக்கு மோடத்தின் வரலாறு வேறு விடை தருகிறது.

முதல் தலைமுறை மோடங்கள் இச்சிக்கலைத் தீர்க்கவில்லை, தவிர்த்தன. 1962-இல் வந்த பெல் 103 நொடிக்கு 300 பிட்டுகளை அனுப்பியது. ஒன்றுக்கு ஓர் அதிர்வெண், சுழியத்துக்கு மற்றோர் அதிர்வெண்: அழைப்பவர் பக்கம் 1270, 1070 ஹெர்ட்ஸ், எதிர்ப்பக்கம் 2225, 2025 ஹெர்ட்ஸ். இங்கே அலையின் உயரத்தில் செய்தி எதுவும் இல்லை. ஆகவே, வந்த அலையை மிகையாகப் பெருக்கி, மேலும் கீழும் தட்டையாக வெட்டிவிட்டு, அது எத்தனை முறை சுழியத்தைக் கடக்கிறது என்று பார்த்தாலே போதும்.

வேகத்தின் மீதான ஆசை இந்த நிம்மதியைக் குலைத்தது. தொலைபேசித் தடத்தின் அகலமோ ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ்தான். அதற்குள் அதிகம் அனுப்ப வேண்டுமானால், அலையின் கட்டத்தோடு அதன் உயரத்திலும் செய்தியை ஏற்ற வேண்டும். கோடெக்ஸ் நிறுவனத்துக்காக ராபர்ட் கலாகரும் டேவிட் ஃபோர்னியும் வடிவமைத்த 16 புள்ளி முறை, 1976-இல் வி.29 என்ற பன்னாட்டுத் தரநிலையாயிற்று. நொடிக்கு 2,400 குறிகள், குறி ஒன்றுக்கு 4 பிட்டுகள், ஆக 9,600 பிட்டுகள். அந்த நான்கில் மூன்று பிட்டுகள் கட்டத்தின் மாற்றத்தில் இருந்தன. ஒன்று உயரத்தில் இருந்தது. சில கட்டங்களில் உயரம் 3 அல்லது 5. பெறும் முனை 3-ஐ 5 என்று மயங்கினால் ஒரு பிட் பிழையாகிவிடும்.

உண்மையான இடர் இங்கேதான் தொடங்குகிறது. அலை சற்றுத் தாழ்ந்தால், அது கம்பியின் இழப்பா, அனுப்பியவரின் சொல்லா? கட்டுப்பாடு மிக வேகமாக இயங்கினால் செய்தியின் ஏற்ற இறக்கத்தையே சமன்செய்து அழித்துவிடும். மிக மெதுவாக இயங்கினால், தடத்தில் திடீரென நேரும் மாற்றத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல், அதற்குள் வந்த குறிகளெல்லாம் பிழையாகும். வானொலியில் காதுக்கு ஓரளவு இதமாக இருந்தால் போதும். இங்கே ஒவ்வொரு குறியும் கணக்கு.

தீர்வு சுற்றில் மட்டும் இல்லை. இரு முனைகளும் செய்துகொண்ட உடன்படிக்கையிலும் இருந்தது. வி.29 முறையில் செய்திக்கு முன் ஒரு பயிற்சித் தொடர் செல்லும். முதலில் 48 குறிகளுக்கான மௌனம். அடுத்து முன்பே தெரிந்த இரண்டே குறிகள் மாறி மாறி 128 முறை. பின்னர் தடத்தின் திரிபைச் சீர்செய்யும் சமனாக்கி பழகுவதற்காக 384 குறிகள். இறுதியாக 48. மொத்தம் 608 குறிகள், 253 மில்லிநொடி. என்ன வரப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பதால், இரண்டாம் பகுதியின் 53 மில்லிநொடியில் பெறும் முனை தயக்கமின்றிப் பெருக்கத்தை வேகமாகச் சரிசெய்யலாம். செய்தி தொடங்கியதும் அதே கட்டுப்பாடு மெல்ல நகரும் நிலைக்கு மாறிவிடும்.

இந்த முறை தொலைநகல் வழியாக உலகெங்கும் அலுவலகங்களுக்குள் நுழைந்தது. மூன்றாம் வகைத் தொலைநகலில் 9,600 வேகத்துக்கு வி.29-தான் பயன்பட்டது. பக்கம் ஒன்று தொடங்கும்போதெல்லாம் பயிற்சித் தொடர் மீண்டும் ஓடியது. இந்திய அலுவலகங்களில் தொலைநகல் அனுப்பியவர்கள் அந்தச் சிற்றிரைச்சலை, அது ஓர் அளவெடுப்பு என்று அறியாமலே, எத்தனையோ முறை கேட்டிருப்பார்கள்.

1984-இன் வி.32 முறையில் இரு திசைச் செய்திகளும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் சென்றன. தன் குரலின் எதிரொலியைத் தானே கழித்துக்கொள்ளும் நீக்கி அதற்குத் தேவைப்பட்டது. அதற்கு முன்னால் பெருக்கம் மாறினால், நீக்கி கற்று வைத்த எதிரொலியின் அளவு பொய்த்துவிடும். எனவே பெருக்கத்தை எங்கே வைப்பது, எப்போது அசையாமல் நிறுத்துவது என்பதும் வடிவமைப்பின் பகுதியாயிற்று. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்து வைத்தபோது, இணைப்பகத்துக்கு அருகில் இருந்த வீடும் தொலைவில் இருந்த வீடும் ஒரே வகை மோடத்தை வாங்க முடிந்தது. கம்பியின் நீளத்துக்கேற்ப எவரும் திருகு எதையும் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

1941-இன் தீர்ப்பு வீலரின் காப்புரிமையைப் பற்றியது. ஆயினும் அதன் பின்னுள்ள எண்ணம் தொழில்நுட்ப வரலாற்றில் பரவலாகக் காணப்படுவது: கருத்து எளிதென்றால் சாதனையும் சிறிது. பெருக்கத்தைக் கூட்டு, குறை என்ற விதி வானொலி முதல் மோடம் வரை மாறவில்லை. எப்போது கூட்டுவது, எவ்வளவு விரைவாகக் குறைப்பது, எப்போது கைவைக்காமல் இருப்பது என்பதைக் கண்டறிவதற்கே அடுத்தடுத்த தலைமுறைப் பொறியாளர்களின் உழைப்பு தேவைப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் தரநிலை ஆவணங்களில் இல்லை.